தடுப்பு ஆறாம் வகுப்பில் தொடங்க வேண்டும்: வடசென்னைப் பள்ளிகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

வடசென்னையில் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தபோது, ஒரு பையனின் பைக்குள் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் டியூப் கிடைத்தது. கூடவே, அதை முகர்வதற்காக மடித்து மடித்து விறைத்துப்போன ஒரு கைக்குட்டை. தலைமையாசிரியர் அறைக்கு அவனை அழைத்துப் போனது நான்தான். அவன் அம்மா மீன்கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்து, "இன்னா பண்ணிட்டான் மிஸ்?" என்று கேட்டார். கைக்குட்டையை எடுத்துக் காட்டினேன். மூன்று நாளில் டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அடுத்த வருஷம் காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தவன் என்னைப் பார்த்ததும் நின்று, "சாப்ட்டீங்களா மிஸ்?" என்று கேட்டான். முகத்தில் துளி கோபம் இல்லை.

அதற்குப் பிறகுதான் சட்டத்தையே எடுத்துப் படித்தேன். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, தொடக்கக் கல்வி முடியும் வரை, அதாவது எட்டாம் வகுப்பு வரை, எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது. 17-ஆவது பிரிவு அடிப்பதையும் மனம் நோகடிப்பதையும் தடுக்கிறது. பையில் என்ன கிடைத்தாலும் இந்த இரண்டும் மாறாது. பள்ளியோடு ஒட்டியிருக்கும் பிள்ளைக்குப் போதைப் பழக்கம் வரும் வாய்ப்பு குறைவு என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. இந்த வழிகாட்டியின் ஒவ்வொரு படியும் அங்கிருந்துதான் கிளம்புகிறது: பிள்ளை பள்ளிக்குள் இருக்க வேண்டும், பள்ளியில் தன் ஆள் என்று ஒருவராவது அவனுக்கு இருக்க வேண்டும்.

எந்த வயது, எந்தப் பொருள்

பத்தாம் வகுப்பில் விழிப்புணர்வு நடத்தினால் போதும் என்று நினைப்பவர்கள் அதிகம். 2019-இல் நடந்த உலக இளையோர் புகையிலை ஆய்வின்படி, இந்தியாவில் 13 முதல் 15 வயது மாணவர்களில் 8.5 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் புகையிலை பயன்படுத்துகிறார்கள். பையன்கள் 9.6, பெண்கள் 7.4 என்பதையும் சேர்த்தே படியுங்கள். பெண் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுப் பையன்களுக்கு மட்டும் வகுப்பு நடத்துவது தவறு. மெல்லும் புகையிலைப் பழக்கம் உள்ள மாணவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பத்து வயது நிறைவதற்குள் முதல்முறை தொட்டவர்கள். அதனால்தான் ஆறாம் வகுப்பு என்கிறேன். அதுவேகூடச் சிலருக்குத் தாமதம்.

நம் தெருக்களில் இந்த வயதுப் பிள்ளைகளின் கைக்கு எட்டுபவை: மெல்லும் புகையிலையான ஹான்ஸ், உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் வைக்கும் கூல் லிப் புகையிலைப் பொட்டலம், பீடி, சிகரெட், போதைக்காக முகரும் சொல்யூஷன், ஒயிட்னர். இதற்கு அடுத்த வட்டத்தில் கஞ்சாவும் வலி மாத்திரையும். குட்கா, பான்மசாலாவுக்குத் தமிழ்நாட்டில் 2013 முதல் தடை. மின்சிகரெட்டுக்கு 2019 முதல் நாடு முழுக்கத் தடை. ஆனால் சொல்யூஷனை யாரும் தடை செய்ய முடியாது, அது சைக்கிள் கடைக்காரரின் பிழைப்பு. அதே 2019-இல் வெளியான எய்ம்ஸ் மருத்துவமனையின் நாடு தழுவிய ஆய்வு, முகரும் பொருட்களின் பயன்பாடு பெரியவர்களிடம் 0.58 சதவீதம், 10 முதல் 17 வயதினரிடம் 1.17 சதவீதம் என்றது. பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம் அதிகமாக இருந்த ஒரே வகை இதுதான்.

முதல் படி: பலன் தராதவற்றை நிறுத்துங்கள்

போதைப்பொருள் ஒழிப்பு நாளான ஜூன் 26 வந்தால் பேரணி, உறுதிமொழி, மண்டையோடு வரைந்த தட்டி. நல்ல மனதோடுதான் செய்கிறோம். ஆனால் ஒருநாள் சொற்பொழிவு, பயமுறுத்தும் படங்கள், பழக்கத்திலிருந்து மீண்டவரை மேடையேற்றிக் கதை சொல்ல வைப்பது, காவலரை வைத்தே முழுத் திட்டத்தையும் நடத்துவது ஆகியவற்றுக்குப் பலன் இல்லை என்று ஐ.நா. போதைப்பொருள் அலுவலகத்தின் தடுப்புத் தரநிலைகள் தெளிவாகச் சொல்கின்றன. 1983-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய 'டேர்' திட்டத்தில் காவலர்கள் வகுப்பெடுத்தார்கள். அமெரிக்கா முழுக்கப் பரவியது. ஆய்வு மேல் ஆய்வு செய்தும் பிள்ளைகளின் பழக்கத்தில் சொல்லும்படியான மாற்றம் இல்லை.

பயமுறுத்தல் ஏன் எடுபடுவதில்லை என்பது நம் பிள்ளைகளைக் கேட்டால் தெரியும். "ஒரு தடவை போட்டாலே செத்துடுவ" என்று நாம் சொல்கிறோம். அவன் அண்ணன் இரண்டு வருஷமாகப் போட்டுக்கொண்டு தெருமுனையில் நன்றாகத்தான் நிற்கிறான். அன்றோடு நாம் சொல்லும் எதையும் அவன் நம்புவதில்லை.

இன்னொன்று, போதைப் பொருள் மாதிரிகளை மேஜையில் பரப்பிக் கண்காட்சி வைக்காதீர்கள். தெரியாத பிள்ளைக்கும் பெயரும் வடிவமும் சொல்லிக்கொடுத்தது போல ஆகிவிடும்.

இரண்டாம் படி: நான்கு பேரைச் சேருங்கள்

தனி ஆசிரியரால் இது முடியாது. தலைமையாசிரியர், பிள்ளைகள் தாமாகவே தேடி வரும் ஒரு ஆசிரியர், விளையாட்டு ஆசிரியர், பள்ளி மேலாண்மைக் குழுவில் தெருவை நன்றாகத் தெரிந்த ஒரு தாய். இந்த நால்வர் போதும். பள்ளியில் போதைப்பொருள் தடுப்பு மன்றம் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், புதிதாக ஒரு பெயர் வேண்டாம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகச் சென்னைக் காவல்துறை 2022-இல் தொடங்கிய 'சிற்பி' திட்டம் உங்கள் பள்ளியில் நடந்தால் அந்த மாணவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த நால்வர் முதல் கூட்டத்திலேயே ஒரு விஷயத்தை எழுத்தில் முடிவு செய்ய வேண்டும்: ஒரு பிள்ளையிடம் ஏதாவது கிடைத்தால் அடுத்த ஒரு மணி நேரத்தில் யார் என்ன செய்வது? இது எழுதப்படாத பள்ளியில்தான் கோபத்தில் டி.சி. கிழிக்கப்படுகிறது. ஆசிரியர்களோ ஊழியர்களோ வளாகத்துக்குள் புகைப்பதில்லை, மெல்வதில்லை என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.

மூன்றாம் படி: வகுப்பறை

வேலையில் முக்கால் பங்கு இங்கேதான். சென்னைக்கே உரிய சான்று ஒன்று இதற்கு உண்டு. 2004 முதல் 2006 வரை டெல்லியிலும் சென்னையிலுமாக 32 பள்ளிகளில் 'மைத்ரி' என்ற திட்டம் நடந்தது. ஆறாம், எட்டாம் வகுப்பு மாணவர்களோடு தொடங்கினார்கள். வகுப்பறைச் செயல்பாடுகள், சுவரொட்டிகள், பெற்றோர் பங்கேற்பு, மாணவர்களே முன்னின்று நடத்தும் வேலைகள். இரண்டு வருஷ முடிவில், திட்டம் நடக்காத பள்ளிகளில் புகையிலைப் பயன்பாடு 68 சதவீதம் கூடியிருந்தது. நடந்த பள்ளிகளில் 17 சதவீதம் குறைந்திருந்தது. நம் ஊரிலேயே நடந்த இதை நம் ஆசிரியர்களில் பலர் கேள்விப்பட்டதே இல்லை என்பது எனக்கு வருத்தம்.

எத்தனை வகுப்பு? வாழ்க்கைத்திறன் பயிற்சிகளில் நீண்ட நாள் சோதிக்கப்பட்ட அமெரிக்கப் பாடத்திட்டம் ஒன்றில் முதல் வருஷம் 15, அடுத்த வருஷம் 10, மூன்றாம் வருஷம் 5 என்று கணக்கு. அதையே ஆறு, ஏழு, எட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். வாரம் ஒரு நீதிபோதனைப் பாடவேளை கிடைத்தால் போதும். பதினைந்து முடியாது என்றால் பத்து வகுப்பாவது நடத்துங்கள். ஏழாம், எட்டாம் வகுப்பில் தொடர்ச்சி இல்லாமல் விட்டால் ஆறில் செய்தது கரைந்துவிடும்.

பதினைந்தையும் இங்கே எழுத இடமில்லை. விடவே கூடாத மூன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

ஒன்று, 'எத்தனை பேர்?' என்ற வகுப்பு. எல்லோருக்கும் ஒரே அளவு துண்டுத்தாள், ஒரே நிறப் பேனா. பெயர் எழுதக் கூடாது. "உன் வயதுப் பிள்ளைகள் நாற்பது பேரில் எத்தனை பேர் இதையெல்லாம் பயன்படுத்துவார்கள்?" என்பது முதல் கேள்வி. "போன மாதத்தில் நீ பயன்படுத்தினாயா?" என்பது இரண்டாவது. மடித்துப் பெட்டியில் போட வேண்டும். ஊகத்தில் பாதி வகுப்பே பயன்படுத்துகிறது என்று எழுதுவார்கள்; உண்மையில் விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த இடைவெளியைக் கரும்பலகையில் பார்க்கும்போது வகுப்பில் ஒரு அமைதி வரும். 'எல்லாரும் பண்றாங்க, நான் மட்டும்தான் இல்ல' என்ற நினைப்புத்தான் இந்த வயதில் பெரிய அழுத்தம். ஆனால் தாள்களை முதலில் நீங்கள் தனியாக எண்ணிப் பாருங்கள். உங்கள் வகுப்பில் எண்ணிக்கை உண்மையிலேயே அதிகமாக இருந்தால் பலகையில் போடாதீர்கள். நாடு தழுவிய எண்ணை மட்டும் சொல்லுங்கள். எழுத்தை வைத்து யார் என்று கண்டுபிடிக்க ஒருபோதும் முயலாதீர்கள். ஒரு முறை அப்படிச் செய்தால் அந்த வகுப்பு உங்களை மறுபடி நம்பாது.

இரண்டு, 'வேணாம்' சொல்லும் பயிற்சி. 'மறுத்துப் பேசக் கற்றுக்கொள்' என்று அறிவுரை சொன்னால் ஒன்றும் நடக்காது. நாக்கில் பழக வேண்டும். இரண்டு பேரை எழுப்பி நடிக்க விடுங்கள். எங்கள் வகுப்பில் இப்படிப் போகும்:

"இன்னா மச்சி, ஒரு வாட்டி வெச்சுப் பாரு. ஒண்ணும் ஆவாது."

"வேணாம்டா, எனக்குப் புடிக்கல."

"பயந்தாங்கொள்ளிடா நீ."

"சரி, இருந்துட்டுப் போறேன். வா, கிரவுண்டுக்குப் போலாம்."

காரணம் சொல்லி வாதாடக் கூடாது, ஒரே வரியில் முடிக்க வேண்டும், உடனே வேறு பேச்சு, அப்புறம் கால் நகர வேண்டும். முதல் தடவை எல்லாருமே மறுத்துவிடுவார்கள். மூன்றாவது, நான்காவது வற்புறுத்தலில்தான் குரல் இறங்கும். அதனால் நான்கு தடவை அழுத்தச் சொல்லுங்கள். கொடுப்பவன் வேடத்தை ஒரே பையனுக்குத் திரும்பத் திரும்பக் கொடுக்காதீர்கள், அந்தப் பெயர் அவனுக்கு ஒட்டிக்கொள்ளும்.

ஒரு முறை கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, "மிஸ், குடுக்கறது பிரெண்டு இல்ல, எங்க மாமா. அவர்கிட்ட எப்படி வேணாம்டான்னு சொல்றது?" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. வெளிநாட்டுப் பாடத்திட்டம் எதிலும் அந்தக் கேள்விக்கு விடை இல்லை. அடுத்த வாரம் பிள்ளைகளே உட்கார்ந்து கண்டுபிடித்தார்கள்: "இல்ல மாமா, கோச் மோப்பம் புடிச்சா டீம்லேருந்து தூக்கிடுவாரு" என்று சொல்லிவிட்டு, "அம்மா கூப்டுது, இதோ வந்துட்றேன்" என்று நழுவுவது. மரியாதையும் கெடாது, ஆளும் அங்கிருந்து போய்விடலாம். உங்கள் பிள்ளைகளிடமும் கேளுங்கள். யார் கொடுக்கிறார்கள் என்று தெரியாமல் பயிற்சி கொடுக்க முடியாது.

மூன்று, மனசு பாரமாக இருக்கும்போது என்ன செய்வது என்ற வகுப்பு. ராத்திரி வீட்டில் குடித்துவிட்டு அடிதடி நடந்த பிள்ளை காலையில் உங்கள் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறது. மூச்சை எண்ணுவது, கோபம் வந்தால் போய் நிற்க ஒரு இடம், பேச ஒரு ஆள் என்று மூன்றையும் ஒவ்வொருவரும் தன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதட்டும். 'பேச ஒரு ஆள்' என்ற இடத்தைக் காலியாக விட்ட பிள்ளைகளின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த வகுப்பின் பெரிய பலன் அந்தப் பட்டியல்தான்.

மீதமுள்ள வகுப்புகளுக்குப் பொருள் நிறைய உண்டு. புகையிலைப் பாக்கெட்டில் 85 சதவீத இடத்தில் எச்சரிக்கைப் படம் இருந்தும் எப்படி விற்கிறார்கள் என்று ஆராயலாம். தினம் 10 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 3,650 ரூபாய், அதில் என்ன வாங்கலாம் என்று கணக்குப் போடலாம். வாய் நாற்றம், மஞ்சள் பல், ஓடும்போது மூச்சு இரைப்பது போன்ற உடனடி விளைவுகளைப் பேசுங்கள். நாற்பது வயதில் வரும் புற்றுநோய் பதினோரு வயதுக்கு உறைப்பதில்லை.

மாணவத் தலைவர்களை ரகசிய வாக்கில் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். முதல் ரேங்க் பிள்ளையை நீங்கள் நியமித்தால் பின்வரிசை கேட்காது. அதேபோல 'கெட்ட பசங்க' என்று பிரித்துத் தனிக் குழுவாக உட்கார வைத்து அறிவுரை சொல்லாதீர்கள். ஆபத்தில் உள்ள பிள்ளைகளை மட்டும் ஒன்றாகச் சேர்த்தால் ஒருவரிடமிருந்து ஒருவர் பழகிக்கொள்கிறார்கள்.

மாலையில் மைதானம் திறந்திருக்கட்டும். வியாசர்பாடியின் கால்பந்து, ராயபுரத்தின் குத்துச்சண்டை, தெருவுக்குத் தெரு கேரம் போர்டு என்று நம் பகுதிக்குக் குறைவே இல்லை. 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா வடசென்னைப் பெண், ஆட்டோ ஓட்டுநரின் மகள். ஆனால் விளையாட்டு மட்டுமே தடுத்துவிடும் என்று நம்பிவிடாதீர்கள். பொறுப்பான பயிற்சியாளர் பக்கத்தில் நின்றால்தான் மைதானம் காப்பாற்றும்.

நான்காம் படி: பெற்றோர்

காலை பத்து மணிக்குக் கூட்டம் போட்டுவிட்டு 'பெற்றோருக்கு அக்கறை இல்லை' என்று சொல்லக் கூடாது. காசிமேட்டில் விடியலுக்கு முன்பே ஏலம் தொடங்கிவிடும். மீன் விற்கும் தாய்மார் மதியத்துக்கு மேல்தான் வீடு திரும்புவார்கள். ஞாயிறு அங்கே இன்னும் கூட்டம். மாலை ஐந்துக்கு, தெருமுனையிலோ கோயில் அல்லது சர்ச் வாசலிலோ நாமே போய் உட்கார்ந்தால் வருவார்கள். அரை மணி நேரம் போதும்.

அவர்களிடம் நான் கேட்பது இரண்டே விஷயம். பிள்ளையைப் பீடி, சிகரெட், ஹான்ஸ் வாங்க அனுப்பாதீர்கள். பல பிள்ளைகளின் கையில் இவை முதல் தடவை ஏறுவது அப்பாவுக்காகக் கடைக்குப் போகும்போதுதான். 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு விற்பது யாருக்காக வாங்கினாலும் குற்றம். அடுத்தது, ராத்திரி பத்து நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்து, பாடத்தைப் பற்றிக் கேட்காமல், "இன்னிக்கு யார்கூட விளையாடின?" என்று கேளுங்கள். குடிக்கும் அப்பாவைக் கூட்டத்தில் குத்திக்காட்டாதீர்கள், அவர் மறுபடி வரமாட்டார். அவரால் நிறுத்த முடியாவிட்டாலும் "நீ தொடாதேடா" என்று அவர் வாயால் சொல்வது பிள்ளைக்கு உறைக்கும்.

ஐந்தாம் படி: பள்ளி வாசலுக்கு வெளியே

2003-ஆம் ஆண்டு புகையிலைப் பொருட்கள் சட்டப்படி கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள், சுமார் 91 மீட்டருக்குள், புகையிலை விற்கக் கூடாது. 'புகையிலையில்லாக் கல்வி நிறுவனம்' வழிகாட்டுதல் அந்த எல்லையில் மஞ்சள் கோடு போடச் சொல்கிறது. விளையாட்டு ஆசிரியரின் டேப்பை எடுத்துக்கொண்டு, மேலாண்மைக் குழுவினரோடு சுற்றுச்சுவரிலிருந்து அளந்து கோடு போடுங்கள். வாசலில் பலகையும் வேண்டும்.

கடைக்காரரிடம் முதலில் பேசிப் பாருங்கள். அவர் பிள்ளையும் நம் பள்ளியில்தான் படிக்கும். பஞ்சர் கடை, ஹார்டுவேர் கடையில் "யூனிபார்மில் வரும் பிள்ளைக்குச் சொல்யூஷன் தராதீங்கண்ணே" என்று கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். கேட்காதவர்கள் மேல் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள், அல்லது 10581 என்ற கட்டணமில்லா எண்ணில் சொல்லுங்கள். குழந்தைக்குப் போதைப்பொருளோ புகையிலையோ கொடுப்பவருக்கும், குழந்தையை வைத்துக் கடத்துபவருக்கும், விற்கச் செய்பவருக்கும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 77, 78-ஆவது பிரிவுகளில் 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. எக்காரணம் கொண்டும் பிள்ளைகளை வேவு பார்க்கவோ, வாங்கிவரச் சொல்லிச் சோதிக்கவோ அனுப்பாதீர்கள்.

ஆறாம் படி: ஒரு பிள்ளை ஏற்கெனவே தொட்டுவிட்டால்

ஈறில் வெள்ளைத் தழும்பு, வாயிலும் சட்டையிலும் ரசாயன வாடை, மூக்கைச் சுற்றிப் புண், இடைவேளைக்குப் பிறகு மட்டும் தூக்கம், திங்கட்கிழமை விடுப்பு, திடீரென்று மாறிய நட்பு. இதில் ஒன்றை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். சாப்பிடாமல் வந்த பிள்ளையும் தூங்கும்.

முகர்ந்துகொண்டிருக்கும் பிள்ளையைப் பார்த்தால் கத்தாதீர்கள், துரத்தாதீர்கள். முகர்ந்த உடனே அதிர்ச்சியோ ஓட்டமோ ஏற்பட்டால் இதயத்துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம். மெதுவாகப் பக்கத்தில் போய், காற்றோட்டமான இடத்தில் உட்கார வையுங்கள். மயங்கினால் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள்.

பேச்சு அடுத்த நாள், தனியாக, ஆனால் கதவு திறந்திருக்கும் அறையில். "நீ போதை போடுறியா?" என்று தொடங்காதீர்கள். "கொஞ்ச நாளா வாடிப்போய் இருக்க. சாப்டியா? வீட்ல யாரு இருக்காங்க?" என்று தொடங்குங்கள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள். "உனக்கு ஆபத்துன்னா மட்டும் பெரியவங்ககிட்ட சொல்லுவேன், முதல்ல உன்கிட்ட சொல்லிட்டுத்தான்" என்பதே நேர்மை. பெற்றோரை வரவழைத்தால் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, பிள்ளையிடம் உள்ள நல்லது ஒன்றை முதலில் சொல்லுங்கள். நான் அன்று கைக்குட்டையைக் காட்டியது போலக் காட்டாதீர்கள்.

எப்போதாவது ஒரு முறை தொட்ட பிள்ளைக்குப் பள்ளியிலேயே வாரம் ஒரு பேச்சும் மைதானமும் போதுமாக இருக்கலாம். தினசரிப் பழக்கம், நடுக்கம், தன்னைத்தானே காயப்படுத்துவது போன்றவை தெரிந்தால் மருத்துவ உதவி தேவை. ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு நமக்குப் பக்கம். பெற்றோருக்கு வழி தெரியாது, ஓ.பி. சீட்டு வாங்கத் தயங்குவார்கள்; முதல் தடவை நால்வரில் ஒருவர் கூடப் போங்கள். தொலைபேசியில் மனநல ஆலோசனைக்கு 14416, போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098, பள்ளி தொடர்பான உதவிக்கு 14417. இந்த எண்களைக் கழிப்பறைக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். தாழ்வார அறிவிப்புப் பலகை முன் நின்று எந்தப் பிள்ளையும் எண் குறித்துக்கொள்ளாது.

ஏழாம் படி: விடுமுறை

திட்டம் எழுதும்போது மே மாதத்தை மறந்துவிடுகிறோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்பா வீட்டில், கையில் காசு இல்லை, சண்டை அதிகம், பள்ளியும் கிடையாது, பிள்ளை முழு நாளும் தெருவில். 'பேச ஒரு ஆள்' இல்லை என்று குறித்துவைத்த எங்கள் பட்டியலில் உள்ள பிள்ளைகளை நால்வரும் பங்கு போட்டுக்கொண்டு பதினைந்து நாளைக்கு ஒரு போன் செய்கிறோம். "என்னடா, மேட்ச் எப்படிப் போச்சு?" என்று கேட்டால் போதும், உபதேசம் வேண்டாம். அவனிடம் போன் இல்லையென்றால் பக்கத்து வீட்டு அக்கா எண்ணை ஏப்ரலிலேயே வாங்கி வையுங்கள்.

ஜூனில் பள்ளி திறந்ததும் முதல் வாரம் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வருகையைப் பாருங்கள். மூன்றாம் நாளும் வராத பிள்ளையின் வீட்டுக்கு அன்று மாலையே இரண்டு பேராகப் போங்கள். வேலைக்கு அனுப்பிவிட்டோம் என்றால் எங்கே என்று கேட்டு அங்கேயும் போங்கள். போய்ப் பார்க்கும் வரை பதிவேட்டில் அவன் பெயரை அடிக்காதீர்கள்.